மலைக் கிராமங்களில் குடிஜலத்தை வடிகட்டும் முறைகள்: செண்பகனூர்ப் பகுதிக்குரிய சில யோசனைகள்

வயலுக்கு வேண்டிய ஜலத்தைப்பற்றி விவசாயிகள் எவ்வளவோ ஆலோசிக்கின்றார்கள். கிணற்றின் ஆழம், ஊற்றின் வேகம், வாய்க்காலின் வாட்டம் இவையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், தம் குடும்பத்தார் அருந்தும் ஜலத்தைப்பற்றி யோசனை செய்வது பெரும்பாலும் வீட்டில் ஒருவருக்குக் காமாலையோ வயிற்றுப்போக்கோ கண்ட பிறகேயாம். அப்பொழுது பட்டணத்துக் கடைக்குச் சென்று, விற்பவர் காட்டும் யந்திரத்தை, அவர் சொல்லும் விலைக்கு வாங்கி வந்து சுவரில் மாட்டிவிடுகின்றனர். அந்த யந்திரம் நல்லதாகவே இருக்கலாம். அது தம் வீட்டு ஜலத்திலுள்ள குற்றத்தை நீக்கக்கூடியதுதானா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி. தலைவலிக்கும் தேள்கடிக்கும் ஒரே மருந்தை எவரும் கொடுப்பதில்லை. ஜலத்தின் விஷயத்தில் மட்டும் அவ்விதம் செய்கின்றோம்.

ஜலத்தின் குற்றங்கள் பல திறத்தன. மண்ணும் சருகுத் தூளும் கலந்து கலங்கியிருத்தல் ஒன்று. மலத்தினின்றும் சேரும் நோய்க் கிருமிகள் மற்றொன்று. பூமியிலிருந்து கரையும் உப்புக்கள், புளோரைடு முதலியன வேறொன்று. மனிதர் தாமே சேர்த்துவிடும் பூச்சிமருந்து, உரச்சத்து, ஆலைக் கழிவு முதலியன இன்னொன்று. இவற்றுள் எது எந்த ஊரில் உள்ளது என்பதை அவ்வூரின் பாறையும், மழையும், மேட்டில் வசிப்போரின் செய்கையுமே தீர்மானிக்கின்றன.

செண்பகனூரை எடுத்துக்கொள்வோம். கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, பழனி மலைச்சரிவில், 1895-ஆம் ஆண்டு முதல் நிலைத்துள்ள திரு இருதயக் கல்லூரியாலும் அதன் காட்சிச்சாலையாலும் பெயர்பெற்றுள்ள இவ்வூரையும், இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சார்ந்தவர்கள் ஊற்றுக்களிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் ஜலம் பெற்று வந்தவர்கள். இம்மலையின் பாறை எளிதில் கரையாத கடினமான ஜாதியைச் சேர்ந்தது. ஆகையால், சோலைகளின் அடியில் ஊறி வெளிப்படும் ஜலத்தில் உப்புக்கள் மிகக் குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும். கெண்டியில் வெள்ளைப் படிவு பற்றுவது அரிது. மெதுவான ஜலம் என்று ஜனங்கள் சொல்வது சரியே. இப்படிப்பட்ட ஜலத்தில் தேடவேண்டிய குற்றம் உப்பு அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கலங்கலும், அத்துடன் கூடி வரும் கிருமிகளும், மேட்டுக் காய்கறித் தோட்டங்களிலிருந்து கழுவப்பட்டு வரும் மருந்துகளுமே இங்கு கவனிக்கத்தக்கன.

இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், இக்காலத்தில் மிக அதிகமாக விற்பனையாகும் ‘ஆர்.ஓ.’ யந்திரம் மலைமேல் வசிப்போருக்கு ஏன் பொருந்துவதில்லை என்பது விளங்கும். அவ்வியந்திரம் ஜலத்தை மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தத்துடன் செலுத்தி, கரைந்துள்ள உப்புக்களைப் பிரித்தெடுப்பது. ஒரு லிட்டர் நல்ல ஜலம் கொடுப்பதற்குச் சாதாரண வீட்டு யந்திரங்கள் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடும். நீக்கவேண்டிய உப்பே இல்லாத ஜலத்தை இதனுள் செலுத்துவது, பதரில்லாத நெல்லை மீண்டும் மீண்டும் தூற்றி, மணியையும் காற்றோடு விடுவது போலாகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தார் 2012-இல் வெளியிட்ட குடிநீர் விதிப்படி (இலக்கம் 10500) கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது; வேறு ஜலம் கிடையாவிடில் 2,000 வரை அனுமதிக்கலாம். 500-க்குக் குறைந்த இடங்களில் இவ்வியந்திரங்களைத் தடுக்கவேண்டுமென்று 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அரசாங்கத்திற்குக் கட்டளையிட்டதும் இக்காரணம் பற்றியே.

விற்பனைக்கு வருவோர் செய்யும் ஒரு வித்தையை இங்குச் சொல்லிவைப்பது நலம். இரண்டு கிண்ணங்களில், ஒன்றில் வீட்டு ஜலமும் மற்றதில் யந்திர ஜலமும் வார்த்து, உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை அமிழ்த்தி மின்சாரம் செலுத்துவார்கள். வீட்டு ஜலம் சிறிது நேரத்தில் பழுப்பும் கறுப்புமாகத் திரண்டு, காண்போர்க்கு அருவருப்பு உண்டாக்கும்; யந்திர ஜலம் தெளிவாகவே நிற்கும். உண்மை யாதெனில், அந்த அழுக்குக் கம்பியிலுள்ள இரும்பே, ஜலத்திலிருந்தது அன்று. உப்புள்ள ஜலத்தில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். உப்பில்லாத ஜலத்தில் பாயாது, கம்பியும் கரையாது. யந்திர ஜலத்தில் ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டுவிட்டு அதே வித்தையைச் செய்யும்படி கேட்டால், அதுவும் அவ்வண்ணமே திரளும். அதேபோல, கையடக்கமான ‘டி.டி.எஸ்.’ கருவி உப்பின் அளவை மட்டுமே தெரிவிக்கும். காலரா கிருமி நிறைந்த ஓடை ஜலத்திலும் அது மிக நல்ல எண்ணைக் காட்டக்கூடும்.

ஆகவே, யந்திரம் வாங்குமுன் ஜலத்தைப் பரிசோதிக்கவேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தாரின் பரிசோதனைச் சாலைகள் ஜில்லாதோறும் இருக்கின்றன. ஊராட்சிகளுக்குக் கள ஆய்வுப் பெட்டிகளும் வழங்கப்பட்டுள்ளன. அவை அலமாரியில் உறங்காதவாறு பார்த்துக்கொள்வது கிராம அதிகாரிகளின் கையில் உள்ளது. மலத் தொடர்பான கிருமிகளைக் கண்டறிய, உள்ளே காகிதத் துண்டு வைத்த ஒரு சிறு புட்டி உண்டு. அதில் ஜலம் நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால், குற்றமுள்ள ஜலம் கறுப்பாகும். ஆனால், இச்சோதனைக்கு வெப்பம் வேண்டும். செண்பகனூரின் மார்கழிக் குளிரில் புட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கறுக்கவில்லை என்று திருப்தியடைவது பேதைமை. உடம்பின் சூடு படும்படி சட்டைப்பையிலோ, அடுப்பங்கரையில் இளஞ்சூடான இடத்திலோ வைத்துப் பார்க்கவேண்டும். மேலும், கோடையில் ஒரு முறையும், முதல் பெருமழை பெய்த மறுநாள் ஒரு முறையும் சோதிக்கவேண்டும். மழைக்குப் பின் எடுத்த ஜலமே உண்மையைச் சொல்லும்.

இனி, முறைகளைப்பற்றிக் கூறுவோம்.

காய்ச்சுதலே யாவற்றிலும் பழையது. கிருமிகளைப் பொறுத்தவரையில் யாவற்றிலும் உறுதியானது. மலைமேல் ஜலம் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது என்பது இங்குள்ள பெண்மணிகள் நன்கறிந்த சங்கதி. பருப்பு வேகத் தாமதமாவது இதனாலேயே. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் ஜலம், 6,000 முதல் 7,000 அடி உயரத்தில் ஏறக்குறைய 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆயினும், நோய்க் கிருமிகள் இறப்பதற்கு அவ்வெப்பமே போதும். கீழே 1 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிடுவது போதுமானால், மேலே 3 நிமிஷம் விடவேண்டும் என்பதே வித்தியாசம். இருபது நிமிஷம் காய்ச்சி விறகையும் எரிவாயுவையும் வீணாக்குவது அவசியமில்லை. காய்ச்சிய ஜலத்தை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுவது உத்தமம். வேறு குடத்திற்கு மாற்றினால் அக்குடத்தின் அழுக்கும் அதனுடன் சேரும். உப்பு, புளோரைடு முதலியன காய்ச்சுவதனால் நீங்கா. ஆவி போகப் போக அவற்றின் செறிவு சிறிது ஏறவே செய்யும்.

கலங்கலை நீக்க நம் முன்னோர் கையாண்டது தேற்றாங்கொட்டை. மட்குடத்தின் உட்புறத்தில் அக்கொட்டையை இழைத்து ஜலத்தை வார்த்துவைத்தால், மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று பற்றி அடியில் படியும். இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. கொட்டையிலுள்ள பசைப்பொருள் துகள்களை இணைப்பதனாலேயே இது நிகழ்கிறது. முருங்கை விதையும் இவ்வாறே வேலை செய்யும். படிகாரமும் நன்றுதான். ஆனால், மலை ஜலத்தில் அது அடிக்கடி பொய்த்துவிடுகிறது. படிகாரம் தன் வேலையைச் செய்ய ஜலத்தில் சுண்ணச்சத்து சிறிதளவாவது இருக்கவேண்டும். நம் ஓடை ஜலத்தில் அது அற்பம். 20 லிட்டருக்கு அரை கிராம் படிகாரம் இட்டும் தெளியாவிட்டால், மேலும் படிகாரம் இடாமல், தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சேர்த்துப் பார்க்கவேண்டும். எப்படியாயினும், தெளிந்த ஜலம் வேறு, சுத்தமான ஜலம் வேறு. தெளிவித்தல் முதற்படி மட்டுமே.

மணலால் வடிகட்டுவதன் பெருமையை உலகம் ஒரு கொடிய பாடத்தினால் அறிந்தது. ஜெர்மனி தேசத்தில் எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்னும் இரு நகரங்கள் ஒட்டியிருந்தன. ஹாம்பர்க் நதி ஜலத்தை வடிகட்டாமல் விநியோகித்தது. அல்டோனாவோ, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின்னரே ஜலம் எடுத்தபோதிலும், மெதுவான மணற்படுகையில் வடிகட்டிக் கொடுத்தது. 1892-இல் காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எல்லை வீதிக்கு இப்பால் அல்டோனா பெரும்பாலும் தப்பியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் அமைக்கப்பட்ட மணற்படுகைகளும் இம்முறையைச் சார்ந்தவையே.

இதனை வீட்டளவில் அமைத்துக்கொள்வது ஒரு விவசாயிக்குக் கடினமன்று. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் அடியில் கூழாங்கல்லும் பருமணலுமாக 10 சென்டிமீட்டரும், அதன்மேல் சலித்துக் கழுவிய நுண்மணல் 55 சென்டிமீட்டரும் பரப்பி, அடியிலிருந்து புறப்படும் குழாயை வெளிப்புறமாக மேலே ஏற்றி, மணலின் மேற்பரப்புக்கு 5 சென்டிமீட்டர் உயரத்தில் வாய் திறக்கும்படி வளைத்துவிடவேண்டும். அவ்விதம் செய்தால் மணலின்மீது எந்நேரமும் 5 சென்டிமீட்டர் ஜலம் நிற்கும், மணல் காயாது. மணல் காயக்கூடாது என்பதே இதன் உயிர்நாடி. ஏனெனில், இங்கு ஜலத்தைச் சுத்தம் செய்வது மணல் மட்டுமன்று. இரண்டு மூன்று வாரங்களில் மணலின் மேற்புறத்தில் உண்டாகும் ஓர் உயிர்ப்படலமும் அதனுடன் சேர்ந்து நோய்க் கிருமிகளைத் தடுத்தழிக்கின்றது. குளிர்ப் பிரதேசத்தில் இப்படலம் முற்றச் சற்று அதிக காலம் பிடிக்கும். அதுவரை காய்ச்சியே குடிக்கவேண்டும். மணிக்கு 25 லிட்டருக்கு மேல் வடியவிடலாகாது. பிளீச்சிங் பவுடர் கலந்த ஜலத்தை இதில் ஊற்றினால் படலம் செத்துவிடும். வேகம் குறையும்போது மேல் மணலைக் கையால் லேசாகக் கலக்கி, அழுக்கு ஜலத்தை மட்டும் மொண்டு எறிந்தால் போதும். ஆற்று மணல் கிடைப்பது இக்காலத்தில் அருமையாதலால், கல்லுடைத்த மணலை நன்றாகச் சலித்து, கழுவிய ஜலம் தெளியும்வரை அலசி உபயோகிக்கலாம்.

மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் கரியும் ஒன்றில் மணலும் இட்டு வடிகட்டும் வழக்கத்தைப் பழைய ஏடுகள் பலவும் புகழ்ந்துள்ளன. நாம் அவ்வளவாகப் புகழ மாட்டோம். கரி, நிறத்தையும் நாற்றத்தையும் வாங்கிக்கொள்ளும் என்பது மெய்யே. ஆனால், மாதக்கணக்கில் மாற்றப்படாத கரியில் கிருமிகள் குடியேறிப் பெருகுகின்றன. அவ்வாறாயின் வடிகட்டிய ஜலம் வடிகட்டாததைவிடக் கேடாகவும் முடியும்.

கடைகளில் ‘கேண்டில்’ என்று வழங்கும் பீங்கான் குழல் பொருத்திய வடிகட்டி, மலை வீடுகளுக்கு நம் அபிப்பிராயத்தில் மிகவும் ஏற்றது. மின்சாரம் வேண்டியதில்லை, கழிவும் இல்லை. பாஸ்டர் அவர்களின் உதவியாளரான ஷாம்பர்லாந்து என்பவர் 1884-இல் இத்தகைய பீங்கான் வடிகட்டியைச் செய்து வெளியிட்டார். குழலின் துவாரங்கள் மிக நுட்பமானவையாதலால் காலரா, சீதபேதி இவற்றின் கிருமிகள் உள்ளே நுழைவதில்லை. ஆனால், காமாலையை உண்டாக்கும் வைரஸ் அவற்றினும் எத்தனையோ மடங்கு சிறியது, அது நுழைந்துவிடக்கூடும். ஆகையால், அக்கம்பக்கத்தில் காமாலை கண்டிருக்கும் காலத்தில், வடிகட்டிய ஜலத்தையும் காய்ச்சியே அருந்தவேண்டும்.

இக்குழலில் ஒரு மயிரிழை விரிசல் கண்டாலும் முழு வடிகட்டியும் பயனற்றதாகும். ஆனால் ஜலம் முன்போலவே, இன்னும் வேகமாகவே, சொட்டிக்கொண்டிருக்கும். வேகம் திடீரென்று அதிகரித்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படவேண்டும். சோதிக்கும் விதம் எளிது. நனைந்த குழலை ஒரு வாளி ஜலத்தில் முழுதும் அமிழ்த்தி, அதன் காம்பின் வழியாக ஊதவேண்டும். ஓரிடத்திலிருந்து குமிழிகள் தொடர்ச்சியாக எழும்பினால், அங்கே விரிசல் உள்ளது. அக்குழலை எறிந்துவிட வேண்டியதுதான். குழலைக் கழுவும்போது மெதுவான தூரிகையும் சுத்த ஜலமும் போதும், சோப்பு உதவாது. ஒரு குழலில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டரே இறங்குமாதலால், ஐந்தாறு பேருள்ள குடும்பத்திற்கு இரண்டு மூன்று குழல்கள் பொருத்தியதை வாங்குவது நலம். மழைக்காலத்தில் கலங்கல் ஜலத்தை நேரே ஊற்றினால் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்; முதலில் தெளியவைத்தே ஊற்றவேண்டும்.

புற ஊதாக் கதிர் விளக்கு பொருத்திய யந்திரங்கள் வைரஸையும் அழிக்கவல்லன. எனினும், ஜலம் தெளிவாயிருந்தாலன்றிக் கதிர் ஊடுருவாது. விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிந்தபோதிலும் ஏறத்தாழ ஓராண்டில் அதன் சக்தி குன்றிவிடும். மின்சாரம் தடைப்படுவது மலையில் பெரும்பாலும் புயல் மழை நாட்களிலேயே. ஜலம் மிகவும் கெட்டிருப்பதும் அந்நாட்களிலேயே. இதை எண்ணிப் பார்த்து வாங்குவோர் வாங்கலாம்.

கிணற்றுக்கும் பொதுத் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடரே கைகண்டது. நல்ல சரக்காயின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். 3 மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றில் 4 மீட்டர் ஜலம் நிற்குமானால், அது சுமார் 28,000 லிட்டர்; அதற்குச் சுமார் 70 கிராம் வேண்டும். தூளை நேராக வீசாமல், வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் வேறு வாளியில் வடித்து, கயிற்றால் கிணற்றில் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே ஜலம் இறைக்கலாம். வாய் திறந்த சாக்கில் ஈரம் பட்டுக் கிடந்த தூளில் வாசனை இருக்கும், வீரியம் இராது. ஊராட்சிக் கிடங்குகளில் இதைக் கவனிப்பது அவசியம்.

மேலே சொன்ன எதுவும் பூச்சிமருந்துக்கும் உரச்சத்துக்கும் பாதரசத்திற்கும் பரிகாரமன்று. பூச்சிமருந்துகளுள் பலவற்றை, காலந்தவறாமல் மாற்றப்படும் உயர்தரக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்ளும். உரத்தினின்று வரும் நைட்ரேட்டைக் கரியும் பிடிக்காது, பீங்கானும் பிடிக்காது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் முதலியவற்றை ஊற்றுக்கு மேலேயுள்ள அடுக்கு நிலங்களில் பயிரிடுவோர், தாம் தெளிப்பது தமக்குக் கீழே குடியிருப்பவரின் குடத்திற்கே சென்று சேருகிறது என்பதை உணரவேண்டும். ஊற்றைச் சுற்றி வேலியிட்டு, கால்நடை நுழையாமல் காத்து, மேற்புறத்தில் மழைநீரைத் திருப்பும் ஒரு சிறு கால்வாய் வெட்டி, அதற்கு மேல் ஒரு பட்டை நிலத்தைப் புல்லும் சோலை மரமுமாக விட்டுவைப்பதற்கு ஆகும் செலவு, கீழேயுள்ள இருபது வீடுகளும் வாங்கும் வடிகட்டிகளின் விலையில் ஒரு பங்குகூட ஆகாது.

பாதரசத்தைப்பற்றியும் மறைக்காமல் எழுதவேண்டியுள்ளது. கொடைக்கானலில் 1983-இல் தொடங்கி 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையினின்று பாதரசம் வெளிப்பட்டு, பாம்பாறு சோலைப் பக்கத்து மண்ணிலும் கலந்தது. ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 1863-இல் லெவிஞ்சு துரை அணைகட்டி உண்டாக்கிய கொடைக்கானல் ஏரியின் ஜலம், அடிவண்டல், மீன் இவற்றில் பாதரசம் காணப்பட்டதாகத் தெரிவித்தனர். அவ்வேரியின் உபரி ஜலமே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுந்து, செண்பகனூர்ப் பக்கமாகக் கீழிறங்குகின்றது. குடிநீரில் பாதரசத்தின் எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை ஊராட்சிப் பெட்டியால் காண முடியாது; பெரிய பரிசோதனைச் சாலைக்கே அனுப்பவேண்டும். ஆகவே, அவ்வோடையின் ஜலத்தை எந்த வடிகட்டியை நம்பியும் குடிக்க எடுத்தலாகாது. சோலையில் ஊறும் தனி ஊற்றையோ, கூரை மழைநீரையோ நாடுவதே தகும். 100 சதுர மீட்டர்க் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 100 லிட்டர் விழுகிறது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பின்வருவதைச் சேர்த்து, பீங்கான் வடிகட்டியில் இட்டு அருந்தலாம்.

மலையிலிருந்து இறங்கித் திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கங்களில் நிலம் வைத்திருப்போருக்கு நிலைமை முற்றிலும் வேறு. அங்கு ஆழ்குழாய் ஜலம் கடினமானது, பலவிடங்களில் உவர்ப்புடையது, தோல் பதனிடும் சாலைகளின் கழிவினால் திண்டுக்கல்லைச் சுற்றிப் பல கிணறுகள் கெட்டன. புளோரைடும் சிலவிடங்களில் மிகுந்துள்ளது. பற்களில் பழுப்புக் கறையும், முதுமைக்கு முன்பே முதுகு வளையாமையும் உண்டாக்கும் இந்நோயை, 1937-இல் அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் டாக்டர் ஷார்ட் முதலானோர் ஆராய்ந்து எழுதினர். புளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய இடத்தில் பீங்கானும் காய்ச்சுதலும் பயன்படா. அங்கே ஆர்.ஓ. யந்திரம் தன் விலைக்குத் தக்க வேலை செய்யும். நாகபுரி ஆய்வகத்தார் வகுத்த, படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் படியவைக்கும் ‘நல்கொண்டா முறை’யும் ஊராட்சி அளவில் செய்யத்தக்கது. ஆர்.ஓ. யந்திரத்தின் கழிவு ஜலத்தைப் பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் கொள்ளலாம். தோட்டத்து ஒரே பாத்தியில் நாள்தோறும் விட்டால் மண் உவர்ப்பேறும். தென்னைக்கு ஓரளவு தாங்கும். அவரையும் வெங்காயமும் தாங்கமாட்டா.

எந்த வடிகட்டியானாலும், வடிந்த ஜலத்தைக் குறுகிய வாயும் மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். கையோடு சொம்பை முக்கி மொள்ளும் அகன்ற அண்டாவில் ஊற்றிவைத்தால், முன்செய்த வேலை அத்தனையும் வீண். பீங்கான் குழல் ஒன்றை உபரியாக வாங்கி வைத்திருக்கவேண்டும். ஐப்பசி மழையில் மலைச்சாலை சரிந்து அடைபட்டுவிட்டால், மாற்றுக்குழல் வாங்கக் கீழே இறங்குவது சில நாட்கள் இயலாமற்போகும்.